தலைக்குக் கரண்ட் வேண்டாம், நோட்டை மூடச் சொல்லுங்கள்

கம்பத்திலிருந்து எழுதியிருக்கும் தகப்பனாருக்கு,

மகள் இரண்டாவது தடவையும் நீட்டில் 400-ஐத் தொடவில்லை. வீட்டில் ஒப்பிப்பதெல்லாம் ஹாலில் மறந்துபோகிறது என்கிறாள். கோட்டயத்து மைத்துனர், தலையில் மாட்டினால் ஞாபகசக்தி ஏறும் என்று ஒரு கருவியின் விளம்பரத்தை அனுப்பியிருக்கிறார். மூன்றாவது வருடத்துக்கு அங்கேயே விடுதியோடு கோச்சிங் சேர்க்கவும் சொல்கிறார். இரண்டுக்குமாக வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கஷ்டம் புரிகிறது. ஆனாலும் வைக்காதீர்கள். கருவியும் வாங்காதீர்கள்.

உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லியாம்பியர் மின்சாரத்தை 20 நிமிடம் போல ஓட விடுவதுதான் அந்தக் கருவியின் வேலை. அதில் பெரும்பகுதி தோல் வழியாகவே ஓடிவிடும், மூளைக்குள் இறங்குவது கொஞ்சம்தான். ஸ்பாஞ்சு சற்று நகர்ந்தால் அந்தக் கொஞ்சமும் வேறு இடத்தில் இறங்கும். மண்டையோட்டின் கனத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆளும் மாறும். ஸ்பாஞ்சு காய்ந்தாலோ ஓரம் தூக்கிக்கொண்டாலோ மின்சாரம் ஒரே புள்ளியில் குவிந்து தோலைப் புண்ணாக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இதே மாதிரி மின்சாரத்தால் மூளையின் ஓரிடத்தைத் தூண்டியபோது புதிய எண்குறிகளைக் கற்கும் வேகம் கூடியது, ஆனால் கற்றதைத் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்துவது மந்தமானது. இன்னோர் இடத்தைத் தூண்டினால் நேர் எதிராக நடந்தது. மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகளைச் சந்திக்கும் பிள்ளைக்கு எதை விட்டு எதை வாங்குவீர்கள்? 2016-ல் மூளைத்தூண்டல் ஆராய்ச்சியாளர்களே, வீட்டில் தாமாக மாட்டிக்கொள்பவர்களை எச்சரித்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மனச்சோர்வுக்கு டாக்டர் மேற்பார்வையில் தரும் மூளைத்தூண்டல் சிகிச்சை வேறு சங்கதி, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

மகளின் உயிரியல் நோட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று நிற ஹைலைட்டர், ஒரு வரி மிச்சமில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள், மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. படித்த சூட்டில் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், உங்கள் மகள் ஏமாறுவது அந்தச் சூட்டில்தான்.

மாற்று வழிக்கு ஒரு செருப்பு டப்பா போதும். உள்ளே அட்டை வைத்து ஐந்து அறைகளாகத் தடுங்கள். லைட்னர் என்ற ஜெர்மன்காரர் 1972-ல் பரப்பிய முறை இது. வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டினால் சீட்டுக்கும் செலவில்லை.

ஒரு சீட்டில் ஒரே கேள்வி. "சிறுநீரகம் பற்றி எழுது" என்பது சீட்டுக்கு ஆகாது. "ஹென்லே வளைவின் ஏறுபகுதி தண்ணீரை வெளியே விடுமா?" என்பது சரியான சீட்டு. பின்பக்கம்: "விடாது, உப்புகள் மட்டும் வெளியேறும்", கூடவே புத்தகப் பக்க எண். புதுச் சீட்டு முதல் அறையில் விழும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, பிறகு வாரம், இரண்டு வாரம், மாதம். சரியாகச் சொன்னால் சீட்டு அடுத்த அறைக்கு ஏறும், தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதலுக்கே இறங்கும். விடையை வாய்விட்டுச் சொன்ன பிறகோ எழுதிய பிறகோதான் திருப்ப வேண்டும். "ஆ, இது தெரியுமே" என்று திருப்பிவிட்டால் அது மறுபடியும் படிப்புத்தான்.

ஆர்வக்கோளாறில் ஒரு நாளைக்கு 40 சீட்டு எழுதுவாள், தடுங்கள். ஒவ்வொரு சீட்டும் குறைந்தது ஐந்து தடவை திரும்பி வரும். ஒரு நாளைக்கு 15 எழுதினால் போகப்போகத் தினமும் 75, தப்பியவற்றோடு 90 சீட்டு வரும், முக்கால் மணி நேர வேலை. 40 எழுதினால் 200-க்கு மேல் போகும், டப்பாவைப் பரணில் போட்டுவிடுவாள். இயற்பியல் கணக்குக்குச் சீட்டு உதவாது. ஒளியியலில் ஒன்று, வெப்பத்தில் ஒன்று, மின்னோட்டத்தில் ஒன்று என்று கலந்து போடட்டும், தப்பிய கணக்கை மூன்று நாள் கழித்து விடை பார்க்காமல் மறுபடி போடட்டும். தூக்கம் ஏழு மணி நேரம், அதில் கை வைக்காதீர்கள். படித்தது படிவது அப்போதுதான்.

ஆறு வாரம் வீட்டிலேயே செய்யட்டும். தொடக்கத்தில் ஒரு முழு மாதிரித் தேர்வு, முடிவில் ஒன்று. இந்த இரண்டு மார்க்கும் கைக்கு வரும் முன்னால் எந்தக் கோச்சிங்குக்கும் அட்வான்ஸ் கட்டக் கூடாது. மார்க் ஏறியும் அரசு இடத்துக்கு எட்டாவிட்டால், மைத்துனர் அடுத்து தனியார் கல்லூரியில் நிர்வாக இடம் பேசுவார். அதற்கு வருடா வருடம் லட்சங்கள், அடகு வைத்த தோட்டம் அப்போது மீளவே மீளாது.

உங்கள் கடிதத்தில் நீங்களே குறையாகச் சொன்ன ஒரு வரி இருக்கிறது: மழைக்காலத்தில் அழுகல் விழுந்த ஏலக்காயைப் பொறுக்கி வந்து, பள்ளி மைக்ரோஸ்கோப்பில் வெட்டிப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருப்பாள் என்று. "வேலையத்த வேலை" என்கிறீர்கள். தாவர நோயியல் என்று அதற்குப் பேர், சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் தோட்டத்துப் பக்கம் மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்கள் இருப்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மாவட்டத்திலேயே, பெரியகுளத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. நாலு வருடப் பட்டம், பிளஸ் டூ மார்க்கில் இடம், நீட் கிடையாது.

மூன்றாவது தடவை எழுதுவதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும், மாமா சொல்ல வேண்டாம். அதற்குள் ஒரு வேலை நாளில் இருவரும் தேனி வழியாகப் பஸ் ஏறிப் பெரியகுளம் போய்வாருங்கள். அவள் லேபைப் பார்க்கட்டும், நீங்கள் ஆபீசில் ஹாஸ்டல் கட்டணத்தையும் வயது வரம்பையும் விண்ணப்பக் கடைசித் தேதியையும் கேட்டு எழுதி வாருங்கள்.