தட்டாம்பயறை வெயிலிடம் விடுங்கள்

கேள்வி: அக்கா, சிலிண்டர் இருந்தும் காசை நினைத்து ரெண்டு வேளையும் முள்விறகில்தான் சமைக்கிறேன். மாமியாருக்கு இருமல் நிற்கவில்லை. சூரிய அடுப்பு வாங்கினால் விறகை அடியோடு விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, விளாத்திகுளம்

பதில்: அடியோடு விட முடியாது, தங்கச்சி. விற்க வருகிறவர் முடியும் என்பார், நம்பாதீர்கள். பதினோரு வருஷமாக எங்கள் மொட்டை மாடியில் ஒரு பெட்டி அடுப்பு இருக்கிறது. மதியச் சோறு, பருப்பு, பயறு, கிழங்கு எல்லாம் அதில். காலை இட்லிக்கும் ராத்திரிச் சமையலுக்கும் கேஸ்தான். தாளிப்பும் அப்படியே. நல்ல வெயிலில் பெட்டிக்குள் 140 டிகிரி வரை ஏறும். கடுகு வெடிக்க அது போதாது. தோசையை மறந்துவிடுங்கள்.

ஆனால் உங்கள் வீட்டில் விறகை அதிகம் தின்பது எது? தட்டாம்பயறும் துவரம்பருப்பும்தானே? ஊதாங்குழலும் கையுமாகக் குனிந்து கிடக்கிற அந்த நேரத்தைத்தான் வெயில் வாங்கிக்கொள்ளும்.

பெட்டியில் மாயம் ஒன்றுமில்லை. உள்ளே கறுப்புத் தகடு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியின் உட்புறம் முகம் பார்க்கும் கண்ணாடி. உச்சிவெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஏறியிருக்கிறீர்களா? அதே சங்கதி. 1767-லேயே ஜெனீவா விஞ்ஞானி சொஸ்ஸூர் இப்படி ஒரு பெட்டியில் தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டிக் காட்டிவிட்டார்.

முதல் நாள் நான் சோறு வெந்ததா என்று ஆறு தடவை திறந்து பார்த்தேன். திறக்கத் திறக்கச் சேர்த்த சூடு போய்விடும். ரெண்டு மணிக்கு அரிசி ஊறிக் கிடந்ததே தவிர வேகவில்லை. கேஸில் ஏற்றினேன், களியாகிவிட்டது. மாட்டுக்குத்தான் போயிற்று. இப்போது பத்தரைக்கு வைத்தால் பன்னிரண்டரை வரை மூடியைத் தொடுவதில்லை. பயறு என்றால் ராத்திரியே ஊறப்போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் கூட விடுவேன்.

தொல்லை என்றால் ஒரு காக்காதான். கண்ணாடிக்குள் தெரியும் காக்காவோடு அதற்குத் தீராத பகை.

மாமியாரை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். விறகு மூட்டுகிற வேளையில் அவரை வெளித்திண்ணையில் உட்காரச் சொல்லுங்கள்.

கேள்வி: காலையில் களை வெட்டப் போனால் ஒரு மணிக்குத்தான் திரும்புவோம். பெட்டியை வெயிலுக்குத் திருப்பி வைக்க ஆள் இல்லையே?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: போகும்போதே உச்சிநேரத்துச் சூரியன் நிற்கும் திசை பார்த்து வைத்துவிட்டுப் போங்கள். மெதுவாக வேகும். அடிப்பிடிக்காது, கருகாது, பொங்கித் தீயை அணைக்காது. அணைய அங்கே தீ ஏது? நாய் ஏறாத இடமாகப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். மேகம் கட்டிய நாளில் அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

கேள்வி: ஊர்ப்பந்திக்கு இந்த அடுப்பு ஆகுமா?
— ஒரு வாசகர், சாத்தூர்

பதில்: என் பெட்டியில் நாலு பேருக்குத்தான் வேகும். ஆரோவில் சமையற்கூடத்தின் மாடியில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கு நீராவி எடுப்பதற்கென்று கட்டியது. கிண்ணம் அசையாது, நீராவிக் கொதிகலன்தான் சூரியன் பின்னால் நகரும். வெயில் இல்லாத நாளுக்கு அங்கேயும் டீசல் உண்டு. பந்திக்கு நீங்கள் வழக்கமான சமையல்காரரிடமே சொல்லிவிடுங்கள்.