விக்காவில் பாலுறவுதான் பூஜையாமே, என் தோழியை எப்படி மீட்பது?

உங்கள் தோழி லண்டனில் படிக்கப் போன இடத்தில் விக்கா என்ற நவீன சூனியக்காரர் மதத்தின் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாள், அங்கே பாலுறவையே வழிபாடாகச் செய்கிறார்களாம், அவளை எப்படி மீட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக என்னால் முடியவில்லை. எடின்பரோவில் விக்காவைப் பின்பற்றும் ஒரு அக்காவின் வீட்டு மாடியறையில் குடியிருந்தவள் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விக்கா இல்லை. இலங்கை மலையகத்து அட்டனில் பிறந்தவள், இன்றைக்கும் முருகனைத்தான் கும்பிடுகிறேன். மதம் மாற்றப் பார்க்கிறாள் என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள் முழுவதையும் படித்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. விக்காவுக்கு உருவம் கொடுத்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர். என் கொள்ளுப்பாட்டி கொழுந்து பறித்த காலத்தில் இந்த மனிதரும் அதே மலைநாட்டில் இருந்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1951இல் பிரிட்டனில் பழைய சூனியச் சட்டத்தை நீக்கினார்கள். அதன் பிறகு இவர் தன் மதத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார், 1954இல் புத்தகமும் எழுதினார். தேவி ஒருத்தி, கொம்பு முளைத்த தேவன் ஒருவன். அவர்கள் கூடுவதால்தான் பயிர் விளைகிறது, உயிர் பெருகுகிறது என்பது நம்பிக்கை. அந்தக் கூடலைக் குறிக்கும் சடங்கைத்தான் பெருஞ்சடங்கு என்கிறார்கள். அன்பும் இன்பமும் தேவிக்குச் செய்யும் வழிபாடே என்ற கருத்தை கார்ட்னரின் குழுவில் பூசாரியாக இருந்த டோரீன் வாலியன்டே எழுதிய தேவி வாக்கு என்ற சடங்கு உரையில் இன்றும் வாசிக்கிறார்கள்.

இதை உண்மையான உடலுறவாகவே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை. அக்கா சொன்னபடி பார்த்தால், அப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே கணவன் மனைவியாகவோ இணையராகவோ இருப்பவர்கள், அதையும் தனிமையில்தான் செய்வார்கள். மற்ற எல்லாருக்கும் இது அந்தக் கூடலுக்கு அடையாளமான ஒரு கத்தியும் கிண்ணமும்தான்.

அதை நான் கண்ணால் பார்த்தேன். ஏப்ரல் 30 மாலை, கோடையை வரவேற்கும் பெல்டேன் பண்டிகை. அன்றிரவு கால்டன் மலையில் பெரிய தீத்திருவிழாவே நடக்கும், 1988இலிருந்து நடத்துகிறார்கள். அக்கா அதற்குப் போகாமல் வீட்டுத் தோட்டத்தில் நண்பர்களை மட்டும் கூப்பிட்டிருந்தார். எனக்கு அன்று மாதவிலக்கு. வரலாமா என்று தயங்கிக் கேட்டேன். "அதற்கும் இதற்கும் என்ன? குளிரும், ஜாக்கெட் போட்டுக்கொண்டு வா" என்றார். வயதுக்கு வந்த நாளிலிருந்து மாதாமாதம் சாமியறைக்கு வெளியே நின்ற எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கிண்ணத்தைப் பிடித்து மண்டியிட்டிருந்தவர் ஒரு ஆண். கறுப்புப் பிடி போட்ட கத்தியை இரண்டு கைகளாலும் பிடித்து, நுனி மட்டும் நனையும்படி வைனுக்குள் மெல்ல இறக்கியவர் அக்கா. அந்தக் கத்தியால் வெங்காயம்கூட நறுக்க மாட்டார்கள், அது சடங்குக்கு மட்டும். பிறகு ரொட்டியும் கிண்ணமும் கைமாறி என்னிடமும் வந்தன. அவ்வளவுதான். யாரும் யாரையும் தொடவில்லை.

இந்த அக்காவைத்தான் என் வேலைத்தலத்தில் சில தமிழர்கள் "அந்த மாதிரி ஆள்" என்று பேசினார்கள். ஆனால் நான் தெருவில் நின்றபோது அறை கொடுத்தவர் அவர்தான். அதற்கு முன்பு இருந்த வீட்டின் ஏஜென்சி, தாளிப்பு வாசனை சுவரில் ஏறிவிட்டது என்று சொல்லி முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. நான் குடிபோகும்போதே அந்தச் சுவர் பூசணம் பிடித்துக் கிடந்தது, படம் எடுத்தும் காட்டினேன், யாரும் பார்க்கவில்லை. 

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விக்காவில் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. கார்ட்னர் வழியில் ஆண் பெண் ஜோடிதான் முக்கியம். அதனால் தன்பாலீர்ப்புள்ள ஆண்களுக்கு இடமில்லாமல் போக, 1970களில் நியூயார்க்கில் எடி புசின்ஸ்கி மினோவன் சகோதரத்துவம் என்று தனி வழியே தொடங்கினார். சடங்கின் பெயரைச் சொல்லிப் பெண்களிடம் அத்துமீறிய தலைவர்களும் உண்டு. சாமியார் மடங்களில் நடக்காததா என்று கேட்டு அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

உங்கள் தோழியை மீட்கக் கிளம்பாதீர்கள், முதலில் பேசுங்கள். அந்தக் குழுவில் அவள் வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுகிறார்களா என்று கேளுங்கள். தீட்சை வேண்டுமென்றால் என்னோடு படுக்க வேண்டும் என்று எவனாவது சொன்னால் அன்றைக்கே வெளியேறச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் போலீசுக்கும் போகச் சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அவள் வழிபாடு அவளுக்கு.