'இன்லேண்ட் எம்பயர்' சுத்தமாகப் புரியவில்லை. சினிமாக்காரர்களின் கஷ்டத்தைச் சொல்ல இத்தனை குழப்பம் தேவையா?

பாதியிலேயே நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. மூன்று மணி நேரப் படம். அதில் முயல் தலை மாட்டிக்கொண்ட சிலர் ஒரு ஹாலில் இருந்துகொண்டு சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், பின்னால் யாரோ கூட்டமாகச் சிரிப்பார்கள். இதன் டைரக்டர் டேவிட் லிஞ்சின் ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், எனக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. நடித்தவர்களுக்கே படம் எதைப் பற்றியது என்று தெரியாதாம். முழு ஸ்கிரிப்ட் இல்லாமல் காட்சி காட்சியாக எழுதிக் கொடுத்து, சாதாரண சோனி டிஜிட்டல் கேமராவில் லிஞ்ச் எடுத்த படம், 2006இல் வந்தது.

ஆனால் 'குழப்பம் தேவையா' என்று கேட்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் டப்பிங் பேசுகிறவள்.

நிக்கி என்ற நடிகை (லாரா டெர்ன்) சூ என்ற பாத்திரத்தில் நடிக்கிறாள். பாதியில் நின்றுபோன ஒரு பழைய படத்தின் ரீமேக் அது, அந்தப் பழைய படத்தில் நடித்த ஜோடி கொலையானவர்கள் என்று பிறகு தெரியவருகிறது. போகப்போக, தான் நிக்கியா சூவா என்பது அவளுக்கே தெரியாமல் போகிறது. கடைசிப் பகுதியில் வயிற்றில் ஸ்க்ரூடிரைவர் குத்து வாங்கி, ஹாலிவுட் நடைபாதையில், நட்சத்திரங்களின் பெயர் பதித்த கல்மேலேயே ரத்தம் கக்குகிறாள். பக்கத்தில் படுத்திருக்கிற வீடற்றவர்கள் அவளை வைத்துக்கொண்டே பொமோனாவுக்குப் பஸ் உண்டா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் லைட்டரைப் பற்றவைத்து அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். உயிர் போகிறது. கேமரா பின்வாங்கினால் அங்கே இன்னொரு கேமரா! டைரக்டர் 'கட்' சொல்கிறார், வீடற்றவர்களாகப் படுத்திருந்தவர்கள் எழுந்து போகிறார்கள். இவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் எழுந்தாலும் யாரோ மாதிரி நடந்து போகிறாள்.

இதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஒரு படத்தில் கணவனைப் பறிகொடுத்தவளுக்குக் குரல் கொடுத்தேன். அழுகைக் காட்சிகளைக் கடைசியில்தான் எடுப்பார்கள், தொண்டை போய்விடும் என்பதால். அந்த நடிகை அழும்போது வசனத்துக்கு நடுவில் மூச்சை இரண்டு வெட்டாக இழுப்பார். அந்த விசும்பல் உதட்டோடு ஒட்டவே இல்லை. திரும்பத் திரும்ப அதே லூப், அதாவது அதே சின்னக் காட்சித் துண்டு. இருட்டு பூத், காதில் ஹெட்போன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். பட்டனை அழுத்தி 'இன்னும் கொஞ்சம் உடைஞ்சு அழுங்க மேடம்' என்பார், மறுபடியும் அழுவேன். கடைசியில் 'ஓகே'. வீட்டுக்கு வந்து போனை எடுத்து 'சொல்லுங்க' என்றால் குரல் உடைகிறது. அதே இரண்டு வெட்டு மூச்சு. அம்மா 'என்னடி ஆச்சு?' என்று பதறுகிறாள். மனசில் ஒரு துக்கமும் கிடையாது, பசி மட்டும்தான். வேலை முடிந்தது என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை.

'ஏசி ரூமில் அழுவதெல்லாம் ஒரு கஷ்டமா' என்று எழுதப் போகிறவர்களுக்கு: இதைவிடக் கஷ்டமான வேலை ஆயிரம் உண்டு, எனக்கும் தெரியும். நான் சொல்வது வேறு. முதல் காட்சியில் புகழ், நடுவில் குடி, முடிவில் தற்கொலை என்று வரிசையாகச் சொல்லும் சினிமாக்காரர் கதைகள் எல்லாருக்கும் புரிகின்றன. அவற்றில் ஒன்றில்கூட அந்த போன் கால் எனக்குக் கிடைத்ததில்லை. அப்படி ஒரு நிலையை ஒழுங்கான கதையாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். படத்தில் சில இடங்களை வெட்டியிருக்கலாம் என்பது வேறு விஷயம், ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. லாரா டெர்னுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவேண்டும் என்று லிஞ்ச், நிஜப் பசுமாடு ஒன்றையும் அவருடைய படம் போட்ட பெரிய பேனரையும் வைத்துக்கொண்டு ஹாலிவுட் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிடைக்கவில்லை, அது போகட்டும். நான் விசும்பின படத்தில் கேட்டரிங் வரைக்கும் டைட்டிலில் பெயர் வந்தது. டப்பிங் பேசியவர்கள் பெயர் வரவில்லை. கேட்டதற்கு 'குரல் வேற ஆளோடதுன்னு தெரிஞ்சா ஹீரோயினுக்கு நல்லா இருக்காதுங்க' என்றார் மேனேஜர். பாக்கிப் பணத்தைப் பற்றிக் கேட்டால் அவர் இப்போது போனே எடுப்பதில்லை.