நாலாயிரம் போனது, தூக்கம் போகவில்லை

“கூட வேலை பார்ப்பவர்களின் ஆதரவு இருந்தால் வேலை அழுத்தம் உண்மையிலேயே குறையுமா? வேலையில் திருப்தி வருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கிக் கவுண்டரில் பல வருடம் பணம் எண்ணியவள் நான். எனக்கு நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

2016 நவம்பர் 12, இரண்டாம் சனிக்கிழமை. மற்ற மாதமென்றால் விடுமுறை. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து நான்கு நாள்தான் ஆகியிருந்ததால், அந்தச் சனியும் ஞாயிறும் வங்கிகளைத் திறந்து வைத்தார்கள். எங்கள் கிளை அம்பாசமுத்திரம் பக்கத்தில். விடியும் முன்பே வாசலில் வரிசை நின்றது. பீடி சுற்றிச் சேர்த்த நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு ஆச்சிமார் வந்திருந்தார்கள். ஓர் ஆளுக்கு நாலாயிரம்தான் மாற்றித் தர முடியும் என்பதைத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலையில் கணக்கை முடிக்க உட்கார்ந்தால் பணம் நாலாயிரம் குறைந்தது. குறைந்ததைக் காசாளர்தான் கையிலிருந்து கட்ட வேண்டும். எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணினேன். கை நடுங்கியது.

பக்கத்துக் கவுண்டர் அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நோட்டுக்கட்டை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். “நீ சீட்டைப் பார், நோட்டை நான் பார்க்கிறேன்” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. வாசற்கதவைப் பூட்டிய அண்ணாச்சி மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். மேலாளர் வந்து நின்று, “இந்தக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தாலும் தவறியிருக்கும்” என்று சொல்லிவிட்டு, குறைவை எப்படிப் பதிவு செய்வது என்பதையும் விளக்கினார். ஒன்பதரை மணிவரை தேடினோம். கிடைக்கவில்லை. பணத்தைக் கட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டு நன்றாகத் தூங்கினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதே நாற்காலியில் போய் உட்கார எனக்குத் தயக்கமே இல்லை.

சில வருடம் கழித்து வேறொரு கிளையில் ஐந்நூறு ரூபாய் குறைந்தது. வெறும் ஐந்நூறு. “அது உங்கள் பாடு” என்றார் மேலாளர். மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது, வேலையை விட்டுவிடலாமா என்று முதன்முறையாக நினைத்தேன். மூன்று இரவு தூக்கமில்லை. முதல் தடவை போனதில் எட்டில் ஒரு பங்குதான் இது. இரண்டு நாளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் பணம் அல்ல, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான்.

ஆய்வாளர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஆதரவு என்பதை ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் நான்காகப் பிரித்தார்: மனத்துக்குத் தெம்பு, கைவேலை உதவி, வழி சொல்வது, ‘நீ செய்தது சரிதான்’ என்று மதிப்பிட்டுச் சொல்வது. அந்த ஒரு சனிக்கிழமையிலேயே நான்கும் எனக்குக் கிடைத்தன. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது ஆதரவு இடையில் நின்று அடியைத் தாங்கிக்கொள்கிறது என்ற கருத்தை ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985இல் விரிவாக ஆராய்ந்தார்கள். வேலைச் சுமை அதிகம், தன் விருப்பப்படி செய்யும் உரிமை குறைவு, அதோடு தனிமையும் சேர்ந்தவர்களிடம் இதய நோய் அதிகமாகக் காணப்படுகிறது என்று சுவீடன் தொழிலாளர்களை வைத்து ஜான்சனும் ஹாலும் 1988இல் காட்டினார்கள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றியவர். மடியில் தட்டை வைத்துக்கொண்டு திண்ணையில் ஐந்தாறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்திக்கு எண்ணிக்கை குறைந்தால், மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவள் தட்டில் போடுவார்கள். அடுத்த வாரம் அவள் திருப்பிப் போட்டுவிடுவாள். அம்மா தனியாகச் சுற்றிய நாட்களில் சீக்கிரமே தோள் வலிக்கிறது என்பார். திண்ணையில் அந்தப் பேச்சே வராது.

ஆனால் அந்தத் திண்ணையால் ஆயிரம் பீடிக்கான கூலி ஒரு காசும் ஏறவில்லை. கொடுக்கிற இலை போதாமல் கைக்காசில் இலை வாங்கியதும் நிற்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, ‘எங்கள் அலுவலகம் ஒரு குடும்பம்’ என்று சொல்லும் நிர்வாகத்தை நம்பாதீர்கள். அங்கே தேவை இன்னொரு ஆள்.

இன்னொன்று, கூடி உட்கார்ந்து தினமும் நிர்வாகத்தைத் திட்டுவதும் ஆதரவு போலத் தோன்றும். நானும் ஒரு வருடம் அப்படி ஒரு தேநீர்க் கூட்டத்தில் இருந்தேன். திரும்பி வரும்போது மனம் இன்னும் கனத்துத்தான் இருந்தது. வேலையில் ஒரு பிடியாவது குறைத்துக் கொடுத்தவர்கள்தான் எனக்கு உதவினார்கள். திருப்தியைப் பொறுத்தவரை, சக ஊழியர்களைவிட மேலாளரின் ஒரு வார்த்தை என்னிடம் நீண்ட நாள் நின்றது.

இப்போது எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த பெண் காசாளராக இருக்கிறாள். போன மாதம் ஒரு நாள் அவளுக்குக் கணக்கு நேராகவில்லை. நான் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு கட்டைப் பிரித்தேன். பிறகுதான் எவ்வளவு குறைகிறது என்று கேட்டேன்.