பேச்சு நின்ற வீடும் உலருணவுப் பொதியும்: தவக்காலக் கேள்வி பதில்

இந்த முறை இலங்கை மலையகத் தோட்டங்களின் கத்தோலிக்கரிடமிருந்து வந்த கேள்விகள் எல்லாமே தவக்காலத்தை, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய 40 நாள் நோன்புக் காலத்தைப் பற்றியவை. பெயரும் தோட்டமும் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி (தலவாக்கலை): பக்கத்துக் காம்பராக்காரரோடு (அடுத்த வீட்டுக்காரரோடு) கூரைத் தண்ணீர் விஷயத்தில் வந்த சண்டை. நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. இரண்டு வீடும் போவது ஒரே கோயிலுக்குத்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முன் பேசிவிட நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?

பேசுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். உங்கள் தகரத்திலிருந்து விழும் தண்ணீர் இன்னும் அவர் வாசலில்தான் விழுகிறதா? அப்படியானால் முதல் வேலை கூரை ஓரத்தில் பீலித் தகரம் அடித்து, கானை (வடிகாலை) வெட்டித் திருப்பிவிடுவது. மார்ச் கடைசியில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும். கான் பழையபடியே இருந்தால், தவக்காலத்தில் ஒட்டிய உறவு முதல் மழையிலேயே மறுபடி அறுந்துவிடும். சமாதானமாகப் போன பல வீடுகள் திரும்பவும் முறிந்ததற்குக் காரணம் மனமல்ல, சண்டைக்குக் காரணமான பொருளை யாரும் கவனிக்காததுதான்.

அடுத்தது இடம். ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையான லயத்தில் ஒரு காம்பராவில் பேசுவது நான்கு காம்பராவுக்குக் கேட்கும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலோ சிலுவைப்பாதைக்குக் கூடியிருக்கும் கூட்டத்திலோ போய்க் கையைப் பிடித்தால், ஊர் பார்க்கிறதே என்று அவர் தலையாட்டுவார்; மனம் அசையாது. மரக்கறித் தோட்டத்துப் பக்கமோ கோயிலுக்கு நடக்கும் பாதையோ நல்லது. சம்பள நாளும் மாலை நேரமும் வேண்டாம். தண்ணி போட்ட வாயில் மன்னிப்பும் நிற்காது, கோபமும் நிற்காது.

சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: நான் செய்தது என்ன, அதனால் உங்களுக்கு வந்த கஷ்டம் என்ன, இனி நான் செய்யப்போவது என்ன. "அண்ணே, அன்றைக்கு உங்கள் பிள்ளைகள் முன்னால் உங்களைக் கேவலமாகப் பேசிவிட்டேன். அது பிழை. கானைத் திருப்பிவிட்டேன், வந்து பாருங்கள்." இவ்வளவு போதும். "ஏதாவது தப்பு செய்திருந்தால்" என்று தொடங்க வேண்டாம். தப்பே இல்லை என்பதுதான் அதன் பொருளாகக் கேட்கும். "ஆனால் நீங்களும்" என்ற சொல் வந்தவுடன் பழைய சண்டை வந்துவிடும். பரிசும் கொண்டுபோகாதீர்கள். வாங்கினால் கடன், வாங்காவிட்டால் அவமானம் என்று அவர் தவிப்பார்.

அவர் பதில் சொல்லாமல் நின்றால் நீங்கள் வந்துவிடலாம். பதிலைக் கேட்டு வாங்க முடியாது. மறுநாள் எதிரே கண்டால் "வேலைக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் பிள்ளைகளிடம் "அந்த வீட்டோடு பேசலாம்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் ராசியான பிறகும் பிள்ளைகள் முறைத்துக்கொண்டிருப்பது, யாரும் அவர்களிடம் சொல்லாததால்தான்.

ஒன்றுமே சரிவராவிட்டால் மத்தேயு 18:15-17 காட்டும் வரிசை இருக்கிறது: முதலில் தனியாக, பிறகு ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு, அதன் பிறகே சபை. அந்த இரண்டாமவர் இரு வீட்டுக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது. சண்டையில் தொழிற்சங்கச் சாயம் இருந்தால் தோட்டத் தலைவரும் வேண்டாம். உபதேசியாரோ (மறைக்கல்வி சொல்லித்தருபவரோ) அன்பியத்தில் (பங்கின் சிறு குடும்பக் குழுவில்) இருக்கும் வயதான அம்மா ஒருவரோ பொருத்தம். பங்குத்தந்தையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து உட்கார்ந்தால் அது தீர்ப்பாகிவிடும், தோற்றவர் கோயில் பக்கமே வரமாட்டார். எல்லைத் தகராறாகவோ பொருட்சேதமாகவோ இருந்தால், 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபையும் இருக்கிறது.

கேள்வி (பண்டாரவளை): சீட்டுப் பிடித்த அக்கா என்னுடைய 60,000 ரூபாயோடு ஊரை விட்டுப் போனார். இப்போது திரும்பி வந்து, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டேன், மன்னித்துவிடு என்கிறார். மன்னித்தால் பணத்தையும் விட்டதாகுமா?

ஆகாது. மன்னிப்பது என்றால் பழிவாங்கும் எண்ணத்தையும் அவர் கெட்டுப்போக வேண்டும் என்ற ஆசையையும் விடுவது. கடன் என்பது வேறு கணக்கு. பிறர் பொருளை எடுத்தவர் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது திருச்சபையின் போதனை. லூக்கா 19:8இல் வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்று நின்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்லிவிட்டதால் 60,000 ரூபாய் அடைபடாது. இதைப் பற்றிப் பங்குத்தந்தையிடம் விசாரிக்கவும் வேண்டாம். அங்கே கேட்டதை அவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் சொல்ல முடியாது.

செய்யக்கூடியது: முழுவதையும் கேட்டால் ஒன்றும் வராது, அவரால் மாதம் எவ்வளவு முடியும் என்று கேளுங்கள். நீங்கள் 12,000 ரூபாயை விட்டுக்கொடுக்க விரும்பினால், அதை முதலிலேயே சாட்சி ஒருவர் முன் சொல்லுங்கள். மீதி 48,000. மாதம் 2,000 என்றால் 24 மாதம். கட்டும் நாளைச் சம்பளத்துக்கு இரண்டு நாள் பின்னால் வையுங்கள், முன்னால் வைத்தால் முதல் மாதமே தவறும். கடதாசியில் தொகை, நாள், இரண்டு கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து, ஆளுக்கொரு பிரதி. விட்டுக்கொடுத்ததை ஊரில் சொல்லித் திரியாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் மானத்தில் அதை வசூலித்துக்கொண்டதாகிவிடும்.

கேள்வி (மஸ்கெலியா): கணவர் அடிப்பார். தவக்காலத்தில் மன்னிக்காவிட்டால் பாவம், வீட்டுக்கு வா என்று மாமியார் ஆள் அனுப்புகிறார். அம்மா வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன்.

அம்மா வீட்டிலேயே இருங்கள். துணையால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்திருக்க நியாயமான காரணம் உண்டு என்று திருச்சபைச் சட்டம் 1153 சொல்கிறது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றாலும் அப்படியே. மன்னிக்கும் கடமையை அதே கூரைக்குக் கீழ் திரும்பிப் போகும் கடமை என்று மாற்றிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, மாமியாருக்கும் இல்லை.

காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். எப்படி வந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள், "பீலியில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரத்துக்குப் பொலிஸ் 119.

சமாதானம் பேசப்போகும் பங்குச் சபையாருக்கும் ஒன்று: இப்படிப்பட்ட வீட்டில் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். அவள் அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றிரவு வீட்டில் பதில் கிடைக்கும்.

கேள்வி (ஹட்டன்): பங்கில் 40 குடும்பங்களுக்கு உலருணவுப் பொதி கொடுக்கப்போகிறோம். போன வருடம் பூசை முடிந்து வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தோம். மனக்கசப்புத்தான் மிஞ்சியது. எப்படிச் செய்வது?

வரிசைதான் கசப்புக்குக் காரணம். வரிசையில் நிற்கக்கூடியவர் வந்துவிடுவார். தோட்டத்தின் மேல் டிவிஷனில் (பிரிவில்) முழங்கால் வலியோடு இருக்கும் ஓய்வுபெற்ற பாட்டி வரமாட்டார், மானத்துக்குப் பயந்தவரும் வரமாட்டார். பட்டியலை உபதேசியார், அன்பியப் பொறுப்பாளர், கோயிலுக்கு வெளியே தோட்டத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் என மூவர் சேர்ந்து எழுதட்டும். கேட்டவர் பெயரை முதலில் எழுதாதீர்கள். உழைப்பவர் இல்லாத வீடு, படுத்த படுக்கையில் ஆள் உள்ள வீடு, தாய் வெளிநாட்டுக்குப் போய்ப் பணம் வராத வீடு, அரசின் அஸ்வெசும உதவிப் பட்டியலில் விடுபட்ட வீடு, இப்படித் தேடுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான அளவு: அரிசி 5 கிலோ, கோதுமை மா 3 கிலோ, மைசூர்ப் பருப்பு 1 கிலோ, சீனி 1 கிலோ, நெத்தலிக் கருவாடு 250 கிராம், தேங்காயெண்ணெய் அரை லீற்றர், உப்பு ஒரு பக்கெட், சவர்க்காரம் 2. கடலையை விட மைசூர்ப் பருப்பு நல்லது, விறகு மிச்சம். தோட்டத்தில் பெயர் உள்ள வீட்டுக்குத் தேயிலைத்தூள் பெரும்பாலும் தோட்டத்திலிருந்தே கிடைக்கும், அந்தக் காசைப் பருப்பில் போடலாம். சீனி வியாதிக்காரர் வீட்டுக்குச் சீனிக்குப் பதிலாகக் குரக்கன் மா. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பால்மா வேண்டாம், தாய்க்கு முட்டையும் பயறும் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் குடும்பநல மருத்துவமாதுவிடம் கேட்கலாம்.

40 வீட்டுக்கு அரிசி 200 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை 8. மூட்டையை உடைத்துப் பிரிக்கும்போது சிந்தியும் தராசு கூடியும் கடைசி இரண்டு பைக்கு அரிசி குறையும். ஒரு மூட்டை கூடுதலாக வாங்குங்கள், அல்லது 5 கிலோ பைகளாகவே எடுங்கள். பொருட்களை இரண்டு வாரத்துக்கு முன்பே வாங்கிச் சீமெந்துத் தரையில் அடுக்கினால், நம் பக்கத்து ஈரத்தில் மா கட்டிபடும், வண்டு விழும். பலகை மேல் வையுங்கள், மூன்று நாளுக்கு முன் வாங்கினால் போதும். சவர்க்காரத்தை அரிசிப் பையில் போட்டால் சோறே மணக்கும். எண்ணெய்ப் போத்தல் தனிப்பையில் போகட்டும். மொத்தம் 11 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் இரண்டு பையாகக் கட்டுங்கள், படியேறுகிறவர் உங்களைத் திட்டமாட்டார்.

கொடுக்கும் நாள் முக்கியம். சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வருகிறது. அடுப்பு அணைவது அதற்கு முந்திய வாரத்தில். பெப்ரவரி, மார்ச் வெயிலில் கொழுந்து குறைந்து அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழும் காலம் வேறு. ஆகவே 3ஆம் அல்லது 4ஆம் திகதி, வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, இருவர் இருவராகப் போங்கள். ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபையார் வீடு சந்திக்கப் போகும் முறையும் இதுதான். சாதாரணக் கடைப் பை போதும், பங்கின் பெயர் அச்சடிக்க வேண்டாம். படம் எடுத்து முகநூலில் போடுவது கூடவே கூடாது. மத்தேயு 6:3இல் இடது கைக்கே தெரியக் கூடாது என்றிருக்கிறது, நாம் தோட்டம் முழுவதற்கும் காட்டுகிறோம்.

பொதிக்காகச் சேரும் உண்டியல் காசை இருவர் சேர்ந்து அன்றே எண்ணி, புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். மறைமாவட்டத்துக்குப் போகும் தவக்காலக் காணிக்கையை இதோடு கலக்காதீர்கள், கணக்குக் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அறிவித்தல் பலகையில் சேர்ந்த தொகை, செலவு, குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் போடுங்கள். வாங்கியவர் பெயர் வேண்டாம், கொடுத்தவர் பெயரும் வேண்டாம்.

இந்து வீடுகளுக்கும் கொடுக்கலாமா என்று இதே கடிதத்தில் ஓர் ஓரக் கேள்வி. கொடுக்கத்தான் வேண்டும். லயத்தில் ஒரு காம்பராவை விட்டு அடுத்த காம்பராவுக்குப் பை போனால் கொடுத்ததே வினையாகும். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது இலங்கையில் பணிசெய்த குருவான புனித யோசேவ் வாஸ் நோயாளரின் மதத்தைக் கேட்டுக் கஞ்சி ஊற்றவில்லை. பையோடு ஜெபப் புத்தகம் வைத்து அனுப்பாதீர்கள். சிவராத்திரி விரதமோ காமன் கூத்துக்காகக் காப்புக் கட்டிய விரதமோ உள்ள வீடென்றால் கருவாட்டை எடுத்துவிட்டுப் பருப்பைக் கூட்டுங்கள்.

கேள்வி (இராகலை): மலையில் கொழுந்து பறிப்பவர்கள் எப்படி ஒருசந்தி நோன்பு இருப்பது? கணவர் 40 நாளும் சாராயத்தை விடப்போகிறேன் என்கிறார், அது நல்லதுதானே?

திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி இரண்டு நாள்தான்: திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும்வரை உள்ளவர்களுக்கு. இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிறைந்த எல்லோருக்கும். ஒரு முழுச் சாப்பாடும், சேர்த்தாலும் ஒரு சாப்பாடு ஆகாத இரண்டு சிறு உணவும் வழக்கம். பறிப்பவர் காலையில் ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும், மத்தியானம் வயிறாரச் சோறு, இரவு ஒரு ரொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு சரிவில் ஏற வேண்டாம். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், நோயாளி ஆகியோருக்குக் கட்டாயமில்லை. கடும் வேலைக்காரர் பங்குத்தந்தையிடம் விலக்குக் கேட்கலாம், அதற்குப் பதில் ஒரு தர்மம் சொல்வார். முட்டை, மீன், கருவாடு சாப்பிடலாம். கோழியை விட்டுவிட்டு அதைவிட விலையாக அறக்குளா மீன் வாங்குகிறவர்களும் உண்டு. சட்டம் மீறவில்லை, ஆனால் உண்டியலுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

சாராயம் விடுவது நல்லது. ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைக் கண்டு பேசுவது எல்லாம் வரலாம். அது பிசாசு அல்ல, ஜெபித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரைக் கண்டு மருந்தோடு குறைப்பது பாதுகாப்பு. மிச்சமாகும் காசை அன்றன்றே உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். சேர்த்து வைத்த காசு உயிர்த்த ஞாயிறன்று தவறணைக்குத்தான் (சாராயக் கடைக்குத்தான்) போகும்.

கேள்வி (மாத்தளை): ஞாயிற்றுக்கிழமையும் நோன்பு நாளா?

இல்லை. திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள், 6 ஞாயிறைக் கழித்தால் 40. மார்ச் 19 புனித சூசையப்பர் பெருவிழா, இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமையில் வந்தால் அன்று இறைச்சி சாப்பிடலாம்.

கேள்வி (பொகவந்தலாவை): எங்கள் தோட்டத்துக் கோயிலில் மாதம் ஒரு பூசைதான். வரும் சுவாமிக்கு (குருவுக்கு) தமிழ் கொஞ்சம்தான் தெரியும். பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது?

தவக்காலத்தில் பங்குக் கோயிலில் பல குருக்கள் ஒன்றாக வந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் நாள் வைப்பார்கள். அதை உபதேசியாரிடம் முன்கூட்டியே கேட்டு, வான் பேசி ஒன்றாகப் போவது எளிது. முடியாவிட்டால் உங்கள் சுவாமியிடமே மெதுவாக, சின்னச் சின்ன வசனமாகச் சொல்லுங்கள். பாவம் என்ன, எத்தனை தரம், அவ்வளவுதான், கதை வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளவும் திருச்சபைச் சட்டம் 990 இடம் தருகிறது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கட்டு அவருக்கும் உண்டு. அந்த ஆள் உங்கள் லயத்துக்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடதாசியில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பில் போடுங்கள். காற்சட்டைப் பையில் மறந்தால் துணி துவைக்கிறவர் கையில் கிடைக்கும்.