புத்தகத்துக்குக் கேள்வியைத் தலைப்பாக வைக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “1806 வேலூர்ப் புரட்சி பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதி முடித்திருக்கிறேன். ‘வேலூர்ப் புரட்சி முதல் சுதந்திரப் போரா?’ என்று தலைப்பு வைத்தேன். கேள்வியைத் தலைப்பாக வைத்தால் எழுதியவருக்கே சந்தேகம் என்று ஆகிவிடும் என்கிறார் அச்சகத்துக்காரர். மாற்றிவிடட்டுமா?”

ஐயா, கேள்வியைத் தாராளமாகத் தலைப்பாக வைக்கலாம். ஆனால் இந்தக் கேள்வி வேண்டாம்.

முதலில் அச்சகத்துக்காரர் சொன்னதைப் பார்ப்போம். நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது, அதில் ஐய வினா ஒன்றுதான் சந்தேகத்தில் கேட்பது, அறி வினா என்பதோ விடை தெரிந்தவர் மாணவனிடம் கேட்பது, அதைத்தானே நீங்கள் வகுப்பில் காலமெல்லாம் செய்துவந்தீர்கள்! பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று தலைப்பு வைத்தபோது அடிமையா இல்லையா என்ற சந்தேகம் அவருக்கு இல்லை. அடிமைதான் என்பதை அந்த ‘ஏன்’ முதலிலேயே சொல்லிவிடுகிறது, அதை மறுக்க நினைப்பவரும் காரணம் என்னதான் சொல்கிறார் என்று பார்க்கப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

உங்கள் ‘போரா?’ அப்படித் திறக்க வைக்காது. ஆமாம் இல்லை என்று பதில் சொல்லக்கூடிய தலைப்பை வாசகர் அட்டையிலேயே முடித்துவிடுவார். வேலூரில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்லும். தெற்கே போனால், கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801, அப்புறம் எப்படி 1806 முதல் போர் ஆகும் என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டு பேருமே உள்ளே என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்க மாட்டார்கள். தவிர, நீங்கள் அனுப்பிய பொருளடக்கத்தில் இந்த விவாதம் கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. மீதி முழுக்கச் சிப்பாய்களின் கதை.

அதனால் ‘வேலூர்ச் சிப்பாய்கள் ஏன் எழுந்தார்கள்?’ என்று வையுங்கள். ஆனால் ‘ஏன்’ என்று கேட்டுவிட்டால் புத்தகத்துக்குக் கடமை கூடிவிடும். தோல் சேர்ந்த புதுத் தலைப்பாகை, சமயக்குறி வைக்கக் கூடாது, தாடி வளர்க்கக் கூடாது என்ற உத்தரவு, இவ்வளவும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதோடு நிறுத்தினால், இதற்கா ஒரு தலைப்பு என்று தோன்றும். எதிர்த்த சிப்பாய்களுக்கு மே மாதமே கிடைத்த தண்டனை, திப்புவின் பிள்ளைகள் அதே கோட்டைக்குள் காவலில் இருந்தது, ஜூலை 9 அன்று அங்கே நடந்த திப்பு மகளின் கல்யாணம், மறுநாள் விடியுமுன் வெடித்தது, ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கியது என்று ஒவ்வொன்றும் அந்த ‘ஏன்’-ஐ இன்னும் ஆழமாக்கும்படி வர வேண்டும். உங்களிடம் இவ்வளவு விஷயமும் இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

‘ஆ’ என்று முடியும் கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை. ‘பாலாறு மீளுமா?’ என்று ஒருவர் எழுதினால் அது சரியான தலைப்பு, ஏனென்றால் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் அந்தக் கேள்விக்கு யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. நடந்து முடிந்த விஷயத்துக்கு அந்த மாதிரிக் கேள்வி பொருந்தாது.

சில்லறை விஷயங்கள்: கேள்விக்குறியை அட்டையிலும் முதுகிலும் விடாமல் போடுங்கள். தலைப்புக்குக் கீழே ‘வேலூர்க் கோட்டை, 1806’ என்று சின்ன எழுத்தில் வரட்டும், நூலகத்தில் எந்த அலமாரியில் வைப்பது என்று அவர்களுக்கு உடனே தெரியும். அத்தியாயத் தலைப்புகள் எல்லாவற்றையும் கேள்வியாக்க வேண்டாம், படிப்பவருக்கு வினாத்தாள் போல ஆகிவிடும். ‘முதல் போரா?’ என்பதைக் கடைசி அத்தியாயத்தின் தலைப்பாக அப்படியே வைத்துக்கொள்ளலாம், அங்கே அது பொருந்துகிறது. ஆனால் அங்கே உங்கள் முடிவைத் தெளிவாக எழுதிவிடுங்கள், ‘வாசகர் முடிவுக்கே விடுகிறேன்’ என்ற அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.