மேயரா, ஆணையரா? மாநகராட்சி பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்னை மாநகராட்சி எப்படி இயங்குகிறது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

மேயர் ஓர் உத்தரவு போட்டால் ஆணையர் செய்தே ஆக வேண்டுமா? உண்மையான அதிகாரம் யாரிடம்?
பெரம்பூர் வாசகர்

மேயர் வாயால் சொல்வது உத்தரவு ஆகாது. முடிவெடுக்க மாமன்றம், நிறைவேற்ற ஆணையர் என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது. 200 வார்டுகளில் மக்கள் தேர்ந்தெடுத்த 200 கவுன்சிலர்கள் சேர்ந்ததுதான் மாமன்றம். அதற்குத் தலைமை தாங்குபவர் மேயர். மாமன்றம் தீர்மானம் போட்டால் அதை நிறைவேற்றும் கடமை ஆணையருக்கு உண்டு. ஆனால் அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. ஊழியர், கோப்பு, ஒப்பந்தம், பட்டுவாடா எல்லாம் அவருக்குக் கீழே நடக்கின்றன. தீர்மானம் சட்டத்துக்கு முரணானது என்று கருதினால் அதை ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது.

2022-ல் சொத்து வரி உயர்ந்ததை நினைத்துப் பாருங்கள். உயர்வு விகிதத்தை முதலில் அறிவித்தது மாநில அரசு. மாமன்றத் தீர்மானம் அதற்குப் பிறகே வந்தது. 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. எவ்வளவு ஒப்படைப்பது என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. மேயர் பதவி இன்றும் பலவீனமாக இருப்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

அப்படியானால் நிலைக்குழு, மண்டலக் குழு எல்லாம் எதற்கு?
அடையாறு வாசகி

200 பேர் உட்கார்ந்து ஒவ்வொரு வேலையின் செலவு மதிப்பீட்டையும் அலச முடியாது. அதனால் கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், நகரமைப்பு, பணிகள், வரி விதிப்பு மற்றும் நிதி என்று துறைவாரியாக நிலைக்குழுக்கள் இருக்கின்றன. மண்டலக் குழு என்பது அந்த மண்டலத்துக் கவுன்சிலர்கள் கூடும் இடம். அதற்கும் தலைவர் உண்டு. 2011-ல் நகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மண்டலங்கள் 15 ஆயின.

அதிகாரிகள் வரிசை தனி. ஆணையருக்குக் கீழே வடக்கு, மத்தியம், தெற்கு என மூன்று வட்டாரத் துணை ஆணையர்கள், அவர்களுக்குக் கீழே மண்டல அலுவலர்கள், வார்டில் உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர், வரி வசூலிப்பவர். நீங்கள் அன்றாடம் பார்க்க வேண்டியவர்கள் இந்தக் கடைசி மூவரே.

தெருவுக்குச் சாலை போடக் கேட்டு மூன்று மனு கொடுத்துவிட்டோம். 'நிதி வந்ததும் போடுவோம்' என்கிறார் கவுன்சிலர். அடுத்து என்ன செய்வது?
கொளத்தூர் குடியிருப்போர் சங்கம்

மனு எங்கே நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கவுன்சிலர் பரிந்துரைப்பவர் மட்டுமே. வேலை தொடங்கும் இடம் உதவிப் பொறியாளரின் மேசை. அவர் தெருவை அளந்து, அரசின் விலை விகிதப் பட்டியல்படி மதிப்பீடு தயாரிக்க வேண்டும். அந்த மதிப்பீடு எந்தத் திட்ட நிதியில் சேர்கிறது என்று குறிக்கப்பட வேண்டும். தொகையின் அளவைப் பொறுத்து உரிய மட்டத்தில் நிர்வாக அனுமதி, தேவைப்பட்டால் மாமன்றத் தீர்மானம், பிறகு டெண்டர், கடைசியில் பணி ஆணை.

'நிதி இல்லை' என்ற பதிலுக்குப் பின்னால் பெரும்பாலும் மதிப்பீடே போடப்படாத நிலை இருக்கும். ஆகவே 'சாலை எப்போது?' என்று கேட்காதீர்கள். 'மதிப்பீடு தயாரா, எண் என்ன, எந்த நிதியில் சேர்த்தீர்கள்?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். பட்ஜெட் வழக்கமாக மார்ச்சில் வருகிறது. உங்கள் தெரு பட்டியலில் சேர வேண்டுமானால் டிசம்பருக்குள் கோரிக்கை உள்ளே போயிருப்பது நல்லது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் தார் வேலை நடக்காது என்பதால் ஜூலை தாண்டி டெண்டர் முடியும் வேலைகள் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும் வாய்ப்பு அதிகம். டெண்டரில் யாரும் கலந்துகொள்ளாவிட்டாலோ, கேட்ட விலை மதிப்பீட்டைவிட மிக அதிகமாக இருந்தாலோ மறு டெண்டர். அதிலேயே மாதங்கள் கரைந்துவிடும்.

வேலை தொடங்கும் நாளில் இரண்டு விஷயங்களைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் விழ வேண்டும். அப்படியே மேலே போட்டால் சாலை உயர்ந்து வீட்டு வாசல் தாழ்ந்துவிடும், அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். இரண்டு, குடிநீர் வாரியமோ மின்வாரியமோ குழி தோண்ட வேண்டியது பாக்கி இருந்தால் அது முதலில் முடியட்டும். புதுச் சாலை சில வாரங்களில் வெட்டப்படுவதற்குப் பெரும்பாலும் இந்த ஒருங்கிணைப்பு இல்லாததே காரணம்.

கழிவுநீர் தெருவில் ஓடுகிறது. மாநகராட்சியின் புகார் தொலைபேசி எண்ணான 1913-ல் புகார் செய்தால் 'எங்கள் வேலை இல்லை' என்கிறார்கள்.
வியாசர்பாடி வாசகி

மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீரும் குடிநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. 1978-ல் அதற்கெனத் தனி அமைப்பு வந்துவிட்டது. தெருவிளக்கு மாநகராட்சி, வீட்டு மின் இணைப்பு மின்வாரியம். குப்பை, கொசு, பூங்கா, மாநகராட்சிப் பள்ளி ஆகியவை 1913-க்கு உரியவை. வடிகாலில் கழிவுநீர் கலந்து ஓடினால் இரு இடத்திலும் புகார் பதிந்து, இரு புகார் எண்களையும் கவுன்சிலரிடம் கொடுங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டுவதை அதுதான் நிறுத்தும்.

மேயரை நாமே ஏன் தேர்ந்தெடுப்பதில்லை? முன்பு ஓட்டுப் போட்டதாக நினைவு.
மயிலாப்பூர் வாசகர்

சரியான நினைவுதான். 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019-ல் வந்த அவசரச் சட்டம் மறைமுகத் தேர்தலையே திரும்பக் கொண்டுவந்தது. 2022-ல் பிரியா மேயரானது அந்த முறையில்தான். மறைமுகத் தேர்தலில் மேயர் கவுன்சிலர்களின் ஆதரவில் நிற்பவர். ஆதரவு கரைந்தால் பதவி ஆட்டம் காணும். 2024-ல் கோவை, நெல்லை இரண்டிலும் மேயர்கள் விலகி, கவுன்சிலர்கள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. மேயர் ஒரு கட்சி, பெரும்பான்மை கவுன்சிலர்கள் வேறு கட்சி என்று ஆனால் தீர்மானங்கள் நிறைவேறாமல் தேங்கும்.

பகுதி சபா என்று ஒன்று இருக்கிறதாமே?
அம்பத்தூர் வாசகர்

இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. கிராமசபையைப் போல நகரத்துக்கு வந்த ஏற்பாடு இது. 2022-ல் விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டும் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதி வாக்காளர்கள் அனைவரும் சபையின் உறுப்பினர்கள் ஆகிறார்கள். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகியவை கூட்ட நாட்கள். எந்த வேலைக்கு முன்னுரிமை என்று இங்கே சொல்லிப் பதிவு செய்யலாம். பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். கோரிக்கையை எழுதிக் கொண்டுபோய்க் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குறிப்பில் இல்லாத கோரிக்கையை, கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழு எடுத்துப் பார்க்காது.

உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லையென்றால்?
திருவொற்றியூர் வாசகி

மாமன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது. தேர்தல் இல்லாத காலத்தில் தனி அலுவலர் ஒருவரே மாமன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்பார். சென்னையில் 1973 முதல் 1996 வரை இப்படித்தான் போனது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு, 2022 பிப்ரவரி 19 வரை சென்னையில் உள்ளாட்சி வாக்குப்பதிவே இல்லை. அந்த ஆண்டுகளில் கோப்புகள் நகர்ந்தன, ஆனால் 'ஏன்' என்று கூட்டத்தில் எழுந்து கேட்க உங்கள் வார்டுக்கு ஒருவர் இல்லை. வார்டு மறுவரையறையும் இடஒதுக்கீடும் தேர்தலைத் தாமதப்படுத்தும் வழக்கமான காரணங்கள். மறுவரையறை வரைவு வெளியானால் ஆட்சேபம் தெரிவிக்கக் கெடு உண்டு. உங்கள் தெரு எந்த வார்டில் விழுகிறது என்று அப்போதே பார்த்து, தவறிருந்தால் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.